குந்தி நிற்கும் அம்பாசடர்: உயர்த்துவதற்கு முன் அளக்க வேண்டியவை

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்:

"எங்கள் அப்பாரு 1982இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 4 இன்னும் ஓடும் நிலையில் எங்கள் சாளையில் நிற்கிறது. வாங்கியது பெட்ரோல் வண்டி. தொண்ணூறுகளில் அப்பா அதற்கு டீசல் எஞ்சின் மாற்றினார். பல வருடங்கள் டிக்கியில் மஞ்சள் மூட்டையும் உர மூட்டையும் ஏற்றி ஓட்டியிருக்கிறோம். இப்போது வண்டி பின்னால் குந்தி நிற்கிறது. அதிலும் வலப்பக்கம் அதிகம். தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து பார்த்தேன். பின்னால் வலது பக்கம் இடதைவிட 4 செ.மீ. தாழ்வு; முன்னால் வலது பக்கம் ஒன்றரை செ.மீ. தாழ்வு. வேகத்தடை ஏறி இறங்கினால் பின்னால் இடிக்கிறது. நான்கு ஷாக் அப்சார்பரும் புதிதாகப் போட்டோம், உயரம் ஏறவில்லை. பக்கத்துக்கு ஒரு லாரிப் பட்டாவைக் (ஸ்பிரிங் தகடு) கூடுதலாகச் சொருகி, முன்னால் டார்ஷன் பாரை (முறுகித் தாங்கும் ஸ்பிரிங் தண்டு) முறுக்கிவிட்டால் ஒரே நாளில் சரியாகும் என்று மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா? தை மாதம் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். அதன் பிறகு பழையபடி மூட்டை ஏற்றலாமா என்பதையும் சொல்லுங்கள்."

வணக்கம். பட்டா சொருகும் வேலையை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். வண்டி நிற்கும் உயரம் என்பது தனியொரு பாகம் தருவதன்று. பட்டாவின் வளைவு, டார்ஷன் பாரின் முறுக்கு, மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் நிலை, டயரின் அளவு, பட்டாவைத் தாங்கும் தகட்டின் உறுதி, வண்டி சுமக்கும் எடை ஆகிய எல்லாம் சேர்ந்து தரும் விளைவு அது. இவற்றுள் எது தளர்ந்ததால் உயரம் குறைந்தது என்று அறியாமல் வேறெங்கோ முட்டுக் கொடுத்தால், பழைய குறை உள்ளேயே இருக்க, அதன்மேல் புதிய குறை ஒன்று ஏறிவிடும். உங்கள் வண்டியில் குறைந்தது மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வாய்ப்பு உண்டு என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. அவற்றைப் பிரித்தறிய ஒரு முழுநாள் தேவைப்படும். ஆனால் அந்த நாளை நீங்கள் செலவிட்டே ஆக வேண்டும்.

ஷாக் அப்சார்பர் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடும் ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் பணி. எனவே புதிய ஷாக் போட்டும் உயரம் ஏறாததில் வியப்பில்லை. செலவு வீண் என்று வருந்தவும் வேண்டாம். பட்டாவைச் சீர்செய்தபின் அவை உங்களுக்கு உதவும்.

இனி அளவுக்கு வருவோம். நீங்கள் அளந்து எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. என்றாலும் தரையிலிருந்து மட்கார்டு வரை அளப்பதில் தரையின் சரிவும் டயரின் காற்றும் டயர் தேய்மானமும் சேர்ந்துகொள்கின்றன. கிராமத்தில் வண்டியை நிறுத்த வசதியான சிமெண்ட் இடம் பெரும்பாலும் மஞ்சளோ நெல்லோ காயப்போடும் களமாகவே இருக்கும். மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகக் களத்தைச் சரிவாகவே போட்டிருப்பார்கள். சாலையோரமும் அப்படியே, நடுச்சாலை உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். ஆகவே கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் மட்டக் குழாயை ஒருநாள் வாங்கி, நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களின் மட்டத்தைப் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் பிளைவுட் துண்டுகளை வைத்து நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே வண்டியை அவற்றின்மேல் ஏற்ற வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவுதானா என்பதையும் கவனியுங்கள். அம்பாசடருக்கு உரியது 5.90-15 டயர். இடையில் யாரேனும் ஒன்றிரண்டை ரேடியலாக மாற்றியிருந்தால் விட்டம் வேறுபடும். காற்றழுத்தத்தைச் சரிசெய்து, டிக்கியைக் காலிசெய்து, வண்டிக்குள் யாரும் இல்லாமல் அளக்க வேண்டும்.

அளக்க வேண்டிய இடம் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை. இதில் டயரின் பங்கு கழிந்துபோகும். ஆனால் நாற்பது வருடம் ஓடிய வண்டியின் மட்கார்டு எத்தனை முறை டிங்கரிங் பார்த்திருக்கும் என்று சொல்ல முடியாது. பட்டி பூசி விளிம்பு திருத்தப்பட்ட மட்கார்டை நம்பி இரண்டு செ.மீ. வேறுபாட்டைப் பட்டாவின் தலையில் சுமத்தக் கூடாது. அதனால் அடியிலும் அளந்துகொள்ளுங்கள்: பின்னால், ஆக்சில் ஹவுசிங்கின் (அச்சின் கூடு) மேற்பரப்புக்கும் அது பாடியில் மோதாமல் தடுக்க நேர் மேலுள்ள பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் இடையிலுள்ள வெளி, முன்னால், சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் உள்முனை போல்ட்டும் வெளிமுனையும் தரையிலிருந்து இருக்கும் உயரங்கள். மட்கார்டு அளவும் அடியளவும் ஒரே கதையைச் சொன்னால் அது சஸ்பென்ஷனின் குறை. மட்கார்டு மட்டும் வேறுபட்டால் அது டிங்கரின் கைவேலை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. இதை நம் பட்டறைகளில் பெரும்பாலும் செய்வதில்லை. பழைய பட்டாக்களுக்கிடையே துருவும் மண்ணும் ஏறி இறுகியிருப்பதால், அழுத்திவிட்ட வண்டி முழுவதும் மேலே வராது. தூக்கிவிட்ட வண்டி முழுவதும் கீழே இறங்காது. அதனால் பின் பம்பரை நன்றாக அழுத்தி மெதுவாக விட்டுவிட்டு ஓர் அளவு எடுங்கள். பிறகு பம்பரைத் தூக்கி மெதுவாக விட்டுவிட்டு இன்னோர் அளவு எடுங்கள். இரண்டின் சராசரியே உண்மையான உயரம். இரண்டுக்கும் இடையே ஒரு செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் பட்டாக்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் பட்டா செட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் எந்த முடிவுக்கும் வர இயலாது. ஜாக்கியில் ஏற்றி இறக்கிய வண்டியை உடனே அளப்பதும் தவறு. இறங்கும்போது முன்சக்கரங்கள் பக்கவாட்டில் விரிய வேண்டும். டயர் தரையைப் பிடித்துக்கொள்வதால் வண்டி உயர்ந்தே நிற்கும். நாலைந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிய பிறகே அளவு எடுக்க வேண்டும்.

அடுத்தது, சாய்வு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியும் அடித்தளமும் ஒரே கூடு. அந்தக் கூடு விறைப்பானது என்பதால், பின்வலது பட்டா மட்டும் தளர்ந்தாலும் வண்டி முழுவதும் வலப்பக்கம் சாயும். முன்வலது மூலை தானும் தளர்ந்ததுபோலத் தோன்றும். நீங்கள் கண்ட ஒன்றரை செ.மீ. தாழ்வு முன்னால் இருக்கும் குறையால் வந்ததா, பின்னாலிருந்து கடத்தப்பட்டதா என்பதை அளவுநாடா மட்டும் சொல்லாது. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை வைத்து அடைத்துவிட்டு, பின் ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் ஹவுசிங்குக்கு அடியில் ஜாக்கியை வைத்து, பின்சக்கரங்கள் தரையைவிட்டு ஒரு விரல் கனம் எழும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். இப்போது ஆக்சில் ஒற்றைப் புள்ளியில் நிற்பதால் எந்தப் பக்கமும் சாயும் சுதந்திரம் பெறுகிறது. இடது பட்டாவுக்கும் வலது பட்டாவுக்கும் உள்ள வேறுபாடு வண்டியைச் சாய்க்க முடியாது. இந்த நிலையில் வண்டியின் முன்புறம் நிமிர்ந்து இரு பக்கமும் சமமாகிவிட்டால், குறை முழுவதும் பின்பட்டாவில் இருக்கிறது. சாய்வு அப்படியே நின்றால் முன்னால் டார்ஷன் பாரிலும் குறை உண்டு.

பிறகு இதையே திருப்பிச் செய்யுங்கள். பின்சக்கரங்களை அடைத்து, முன் கிராஸ் மெம்பரின் (குறுக்குச் சட்டம்) நடுவில் தூக்கினால், எஞ்சி நிற்கும் சாய்வு பின்பட்டாவுடையது. இந்தச் சோதனையின்போது யாரும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது; பார்ப்பது, அளப்பது எல்லாம் வெளியிலிருந்துதான். பின்சக்கரத்தைத் தூக்கும்போது கைபிரேக் பயன்படாது என்பதையும் மறக்க வேண்டாம். அது பிடிப்பது பின்சக்கரங்களை மட்டுமே.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், முதன்மையான குறை பின்வலது பட்டாவில்தான் இருக்கும் என்று கருதுகிறேன். ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். பெரும்பாலான பயணங்களில் அவர் மட்டுமே வண்டியில் இருந்திருப்பார். நாற்பது வருட ஓட்டத்தில் வலது பட்டா இடதைவிட அதிகம் சுமந்திருக்கிறது. அதற்குமேல் மூட்டைகள். டிக்கி பின் ஆக்சிலுக்கும் பின்னால் இருப்பதால், அங்கு வைக்கும் மூட்டை தன் எடையைவிடக் கூடுதலான பாரத்தைப் பின் ஆக்சில்மேல் ஏற்றுகிறது. கூடுதலான அந்தப் பங்கை முன்சக்கரங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வேகத்தடையில் கேட்கும் இடி, ஹவுசிங் பம்ப் ஸ்டாப்பில் மோதும் ஒலியாகவே இருக்க வேண்டும். அந்த ரப்பரைப் பாருங்கள். நசுங்கிப் பளபளப்பாக இருந்தால் சந்தேகமில்லை.

ஆனால் பட்டாவைக் கழற்றுவதற்கு முன் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். உர மூட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிப்பதில் சமையல் உப்புக்கு அது இளைத்ததன்று. டிக்கியின் தரையில் சிந்தி, மிதியடிக்கு அடியில் தங்கி, பட்டாவின் பின்முனையைத் தாங்கும் ஹேங்கர் பொருத்தப்பட்டுள்ள தகட்டை உள்ளிருந்தே தின்றிருக்கக் கூடும். ஹேங்கர் தகட்டோடு சேர்ந்து மேலே அமுங்கியிருந்தால் வெளியே பார்ப்பவருக்குப் பட்டா தளர்ந்ததுபோலவே தெரியும்; புதுப் பட்டா போட்டால் அது இன்னும் வேகமாக உள்ளே குத்தும். மிதியடியை எடுத்துவிட்டு, கருப்புப் பூச்சைச் சுரண்டி, சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தெளிவான ஓசை வர வேண்டும். மந்தமான ஓசையோ பெயரும் செதிலோ இருந்தால், முதல் வேலை தகட்டை வெட்டிப் புதிது வைத்துப் பற்றவைப்பதுதான். இதைத் தள்ளிப்போடுவதை மட்டும் நான் எக்காரணம் கொண்டும் ஏற்கமாட்டேன். ஓடும் வண்டியில் ஹேங்கர் பிடுங்கிக்கொண்டால் பின் ஆக்சில் கோணிப்போகும்.

தகடு உறுதியாக இருந்தால் இரண்டு பட்டா செட்டையும் கழற்றி, பிரித்து, கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, ஒவ்வொரு பட்டாவையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பாரம் ஏறும்போது பட்டாவின் வளைவு நிமிர்கிறது. அதனால் இழுவிசை அதன் மேல்முகத்தில் விழுகிறது. விரிசல் தொடங்குவதும் அந்த முகத்தில்தான், அதிலும் பட்டாக்களை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டி. விரிசல் விட்ட பட்டாவைப் பற்றவைத்துப் பயன்படுத்துவது கூடாது. பதம் செய்த எஃகில் வெல்டிங் வெப்பம் பட்ட இடம் பதம் கெட்டு, அடுத்த முறிவு அங்கேயே நிகழும்.

விரிசல் இல்லாமல் வளைவு மட்டும் குறைந்திருந்தால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இரண்டு பக்கமும் புதிய செட். மற்றொன்று, இருக்கும் பட்டாக்களுக்கு மீண்டும் வளைவு ஏற்றுவது. சாலையோரப் பட்டறைகளில் பட்டாவைக் குளிர்ந்த நிலையிலேயே சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றித் தருகிறார்கள். அன்று மாலை வண்டி நிமிர்ந்து நிற்கும். சில மாதங்களில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். சுத்தியல் பதித்த தழும்புகள் பின்னாளில் விரிசலின் பிறப்பிடங்களாகும். முறையான வேலை என்பது பட்டாவை உலையில் 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, அச்சில் வைத்து வளைத்து, எண்ணெயில் அமிழ்த்திக் குளிர்வித்து, பின்னர் 400 முதல் 500 டிகிரி வரை மறுபடி சூடாக்கிப் பதம் செய்வது. அந்தக் கடைசிப் பதம் இல்லாவிட்டால் பட்டா கண்ணாடியைப்போல உடையும். இதைச் செய்யும் கைகளுக்கு நம் பகுதியில் குறைவில்லை. லாரித் தொழிலும் ஆழ்துளைக் கிணறு ரிக் தொழிலும் வளர்ந்த நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் உலையோடு பட்டா வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே போகும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "எண்ணெயில் அமிழ்த்திய பிறகு மறுபடி சூடாக்கிப் பதம் செய்வீர்களா?" தெளிவாகப் பதில் சொல்பவரிடம் ஒப்படையுங்கள்.

எவ்வளவு வளைவு என்பதற்கு உங்கள் மாடலுக்கான சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவே அளவு. இடது பட்டா நன்றாக இருக்கிறது என்று அதை மாதிரியாகக் கொடுத்து வலதை மட்டும் அதற்குச் சமமாக்கச் சொல்லாதீர்கள். இடதும் அதே மூட்டைகளைச் சுமந்ததுதான், சற்றுக் குறைவாகத் தளர்ந்திருக்கிறது, அவ்வளவே. இரண்டையும் ஒரே அச்சில், ஒரே நாளில், ஒரே பதத்தில் செய்ய வேண்டும். பொருத்திய பிறகு, பட்டாவின் பின்முனையை ஹேங்கரோடு இணைத்து முன்னும் பின்னும் ஆடும் சாக்கிளைப் பாருங்கள். பட்டா நிமிர நிமிர நீளும். நீளும்போது சாக்கிளின் கீழ்முனை பின்னோக்கிப் போகும். வளைவு மிகையானால் கீழ்முனை முன்னோக்கி இழுக்கப்பட்டு, பட்டா நீள இடமின்றி இறுகும். காலி வண்டியில் சாக்கிள் முன்பக்கம் சாய்ந்து நின்றால், தேவைக்கு மேல் வளைத்துவிட்டார்கள் என்று அறிக.

கூடுதல் பட்டா சொருகுவதை ஏன் மறுக்கிறேன் என்பதை இங்கே விளக்குவது பொருத்தம். பட்டாவின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர் விகிதத்திலும், தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு நேர் விகிதத்திலும் அமைகிறது. ஐந்து சம பட்டாக்கள் கொண்ட ஒரு செட்டில் அதே தடிமனில் ஆறாவது ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ 20 சதவீதம் கூடும். ஆனால் அந்த ஆறாவது பட்டா மற்றவற்றைவிட கால்பங்கு தடிமனாக இருந்தால், அது ஒன்றே ஏறக்குறைய இரண்டு பட்டாக்களுக்குச் சமம். மொத்த விறைப்பு 40 சதவீதத்தை நெருங்கும். லாரிப் பட்டாவோ கால்பங்கு தடிமனோடு நிற்பதில்லை. உயரம் ஏறிவிடும், உண்மைதான். ஆனால் தளர்ந்த பழைய பட்டாக்கள் தளர்ந்தே இருக்க, பாரம் முழுவதும் அந்த ஒரு தடித்த பட்டாவின் வழியாக ஹவுசிங்குக்கும் ஹேங்கருக்கும் போகும். காலி வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். பிரேக் பிடிக்கும்போது துள்ளிய சக்கரம் தரையைவிட்டுச் சறுக்கும். உங்கள் ஆத்தா பின்சீட்டில் உட்கார்ந்து சென்னிமலைக்கோ பழனிக்கோ போய்வரும் வண்டி இது. பட்டா வளைவதால்தான் பயணம் மென்மையாக இருக்கிறது. அந்த வளைவைத் தடுத்து உயரத்தை வாங்குவது நல்ல பேரமாக எனக்குத் தோன்றவில்லை.

மாருதி 800, முன்புறம் காயில் ஸ்பிரிங் உள்ள பத்மினி போன்ற வண்டிகளை வைத்திருப்போருக்கும் இதே காரணம் பொருந்தும். காயில் சுருள்களுக்கு நடுவே சொருக ரப்பர் வளையம் விற்கிறார்கள். அது ஒரு சுருளை இயங்கவிடாமல் பூட்டி, அதன் வேலையை மற்றச் சுருள்கள்மேல் ஏற்றுகிறது. தளர்ந்த காயிலுக்கு மாற்று, அந்த மாடலுக்கு உரிய புதிய காயில்தான்.

முன்புறத்துக்கு வருகிறேன். பின்பட்டாவைச் சரிசெய்து, வண்டியை மீண்டும் அளந்த பிறகே டார்ஷன் பாரில் கைவைக்க வேண்டும். வரிசையை மாற்றினால், நேற்று சரிசெய்த முன்புறம் இன்று பின்னால் பட்டா நிமிர்ந்ததும் மறுபடி கோணலாகும். டார்ஷன் பார் என்பது நீளவாக்கில் கிடக்கும் எஃகுத் தண்டு. அதன் ஒரு முனை கீழ் ஆர்மோடும் மறுமுனை பாடியோடும் பிணைந்திருக்க, சக்கரம் ஏறி இறங்கும்போது தண்டு முறுகி விரிகிறது. பின்முனையில் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருப்பினால் முறுக்கின் தொடக்கக் கோணம் மாறுகிறது, வண்டி உயர்கிறது. தண்டின் விறைப்பு மட்டும் ஒரு துளியும் மாறுவதில்லை. "முறுக்கிவிட்டால் ஸ்ட்ராங்காகும்" என்று சொல்வது சரியன்று.

உங்கள் வண்டியில் இது முக்கியமாவது, எஞ்சின் மாற்றத்தால். பெட்ரோல் எஞ்சினுக்குக் கணக்கிட்ட தண்டு, அதைவிடக் கனமான டீசல் எஞ்சினை இத்தனை வருடமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அட்ஜஸ்டரைத் திருப்பி உயரத்தை மீட்கலாம். ஆனால் எடைக்குத் தண்டு மெலிந்ததாகவே இருக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு ஆழ்ந்து குனியும். தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், விட்டம் 5 சதவீதம் கூடினாலே விறைப்பு சுமார் 22 சதவீதம் கூடிவிடும். கண்ணால் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. கோவை உக்கடம் போன்ற இடங்களின் பழைய உதிரிபாகக் கடைகளில் தண்டு தேடினால் வெர்னியர் காலிபரோடு போங்கள், இரண்டு தண்டும் ஒரே விட்டமாக இருப்பதை உறுதிசெய்யுங்கள். மேற்பரப்பில் கீறலோ துருக்குழியோ உள்ள தண்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். முறுகும் தண்டு முறிவது கீறலிலிருந்துதான். இடது தண்டை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் போடக் கூடாது. ஒரு திசையில் முறுகிப் பழகிய தண்டை எதிர்த்திசையில் முறுக்கினால் அது தாழ்ந்துபோகும் அல்லது உடையும்.

உயரத்தை எவ்வளவு ஏற்றுவது என்பதில் ஆசை கூடாது. அளவுக்கு மேல் முறுக்கினால் கீழ் ஆர்ம் ஏற்கெனவே கீழ்நோக்கித் தொங்கும் நிலைக்கு வந்துவிடும். சக்கரம் மேலும் கீழிறங்க இடம் இருக்காது. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் சாலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை ஓட்டினால் இது உடனே தெரியும்: வளைவின் உள்பக்கச் சக்கரம் கீழிறங்கித் தரையைத் தொடர முடியாமல், எட்டும் எல்லையில் தட்டும். கேம்பரும் டோவும் (சக்கரம் சாயும், திரும்பியிருக்கும் கோணங்கள்) மாறி டயரின் ஓரம் தேயும். சர்வீஸ் புத்தக அளவில் நிறுத்துங்கள். இந்த வயது வண்டியில் இடவல வேறுபாடு ஒரு செ.மீ.க்குள் வந்துவிட்டால் நான் அதற்குமேல் கைவைப்பதில்லை.

அட்ஜஸ்டரைக் கழற்றும் வேலையை மட்டும் பழகியவரிடம் கொடுங்கள். முறுகிய தண்டு தன்னுள் பெரும் விசையைச் சேர்த்து வைத்திருக்கிறது. கீழ் ஆர்மை ஜாக்கியால் தாங்காமல் போல்ட்டை இளக்கினால் தண்டின் முனையிலுள்ள லீவர் கையை உடைக்கும். கழற்றுமுன் தண்டிலும் லீவரிலும் பெயிண்டால் நேர்க்கோடு இழுத்து வைப்பது, திரும்பப் பொருத்தும்போது தொடக்க நிலையை இழக்காமலிருக்க உதவும்.

புஷ் பற்றி ஒரு பத்தி எழுதியே தீர வேண்டும், ஏனெனில் நல்ல பட்டாவும் நல்ல தண்டும் போட்ட பிறகு வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே பட்டாக் கண்ணின் போல்ட்டையும் சாக்கிள் போல்ட்டையும் ஆர்ம் போல்ட்டையும் முழுவதுமாக இறுக்கிவிடுகிறார்கள். சக்கரம் தொங்கும் நிலையில் இறுகிய ரப்பர் புஷ், வண்டி தரையில் நின்றதும் முறுகி, தானும் ஒரு ஸ்பிரிங்போல வண்டியை மேலே தூக்கிப் பிடிக்கும். அன்று எடுக்கும் அளவு பொய்யளவு. சில நூறு கிலோமீட்டரில் ரப்பர் கிழிந்ததும் வண்டி இறங்கிவிடும், பழி பட்டாவின் மேல் விழும். எல்லாப் போல்ட்டையும் கையிறுக்கத்தில் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, உருட்டி, குலுக்கிவிட்டு, எடை சக்கரங்களில் நிற்கும்போதே கடைசி இறுக்கம் தர வேண்டும். குழி வசதியுள்ள பட்டறையில் இது சுலபம்.

உயரம் சரியான பிறகு வீல் அலைன்மெண்ட், அதன் பிறகு ஹெட்லைட் குறி. பின்புறம் குந்தியிருந்த காலத்தில் யாரேனும் விளக்கைக் கீழே இறக்கியிருப்பார்கள். இப்போது பின்புறம் நிமிர்ந்ததும் வெளிச்சம் சக்கரத்துக்கு முன்னாலேயே விழும். பிரேக் ஹோஸ் பின்னால் இழுபடாமல் தொய்வாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

தை மாதத்துக்குள் முடியுமா என்றால், இன்று தொடங்கினால் முடியும். ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே எல்லாம் பொருத்தி முடித்திருக்க வேண்டும். புதிதாக வளைவு ஏற்றிய பட்டா முதலில் சற்று உயர்ந்து நின்று, ஓடியபின் தன் இடத்தில் அமரும். அந்த இடைவெளியில் 500 கிலோமீட்டராவது ஓட்டி, பட்டா செட்டை ஆக்சிலோடு பிணைக்கும் யு போல்ட் நட்டுகளை மீண்டும் இறுக்கி, நான்கு மூலைகளையும் மறுபடி அளந்து எழுதிவையுங்கள். யு போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்சில் இடம் மாறும். ஊர்வலத்துக்கு முந்தைய வாரம் அதைப் பார்க்காமல் விடாதீர்கள். ஹேங்கர் தகடு அரித்திருப்பது தெரியவந்து, தகட்டு வேலை தைக்குள் முடியாது என்றால், மாப்பிள்ளை அழைப்புக்கு வேறு வண்டியைப் பேசிவையுங்கள். வீட்டார் வருந்தினாலும் இதில் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மூட்டை ஏற்றுவது பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு: உயரம் திரும்பியது சுமக்கும் திறன் கூடியதற்கு அடையாளம் அன்று. அப்பாருவின் காலத்தில் அந்த வண்டிக்கு எவ்வளவு அனுமதிக்கப்பட்டதோ அவ்வளவே இன்றும். ஐந்து பேரும் அவர்களுடைய பெட்டிகளும் என்றால் பட்டா தாராளமாகத் தாங்கும். மஞ்சளை ஈரோடு மண்டிக்குக் கொண்டுபோக ஒரு சிறு சரக்கு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாமல் ஒரு மூட்டையை அம்பாசடரில் ஏற்ற நேர்ந்தால், டிக்கியில் வைக்காமல் பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் இடையிலுள்ள கால்வைக்கும் இடத்தில், ஆக்சிலுக்கு முன்னால் வையுங்கள். உர மூட்டையை மட்டும் இனி எந்த இடத்திலும் ஏற்ற வேண்டாம்.